மரம் இருக்கிற நிலத்துக்கு மானியம் இல்லை

பிப்ரவரி 3, திங்கள்

நல்ல பனி. மொட்டை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் ஈரம். வாடைக் காற்று இன்னும் நிற்கவில்லை.

இ-சேவை மையத்துக்கு எடுத்துப்போக வேண்டியவை: பட்டா நகல் 2. அடங்கல். புல வரைபடம். ஆதார், என்னுடையதும் தம்பி லூர்துவுடையதும். பாஸ்புக் முதல் பக்கம். கூட்டுப் பட்டா என்பதால் லூர்துவின் சம்மதக் கடிதம். போட்டோ 3. மூக்குக்கண்ணாடி.

மூக்குக்கண்ணாடியை மட்டும் மறந்துவிட்டுப் போனேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்தான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். தனியார் நிலத்தில் மரம் வளர்ப்போருக்கான மானியம். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பரப்பு நாலு ஏக்கர். எல்லாம் ஒழுங்காகப் போனது. அடுத்து, தேவைப்படும் கன்றுகள் எத்தனை என்று ஒரு கட்டம்.

"கன்று வேண்டாம்மா. மரமே இருக்கு."

"பூஜ்யம் போட்டா உள்ள போவ மாட்டேங்கு மேடம்."

"போகலன்னா விட்டிரு."

"விட்டாலும் போவாது. மரந்தான் இருக்கே, பொறவு எதுக்கு மானியம்?"

வரிசையில் பின்னால் நின்றவர் பொறுமை இழந்துவிட்டார். "எக்கா, ஒண்ணுன்னு போடச் சொல்லுங்க. எங்களுக்கும் சோலி கெடக்கு."

ஒன்று என்று போட்டாள். உடனே உள்ளே போய்விட்டது. ஆக, நான் அரசாங்கத்திடம் ஒரே ஒரு மரக்கன்று கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் முப்பத்தொரு வருடம் பேப்பர் எழுதியவள். வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் வருகிறது. எதற்கு மானியம்?

காட்டைச் சும்மா விட்டால் தானாக வளரும் என்று நினைக்கிறார்கள். சும்மா விட்டால் சீமைக் கருவேலம்தான் வளரும். அதைக் கையால், வேரோடு, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், ஆள் கூலி. ரோட்டுப் பக்கம் வேலி வேண்டும், அந்த வழியாகத்தான் வீடு இடித்த குப்பையும் கோழிக்கடைக் கழிவும் வந்து விழுகிறது. கோடையில் சருகை விலக்கித் தீ தாண்டாதபடி ஓர் இடைவெளி வெட்ட வேண்டும், பங்குனி சித்திரைக்கு ஒரு காவல் ஆள். இவ்வளவுதான். என் டெபாசிட் வட்டியில் இது முடியாது.

மானியம் வருகிறதா பார்க்க லூர்து ஈஸ்டர் வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறான், வராவிட்டால் நிலத்தை வாடகைக்கு விட்டுவிடுவான். கன்டெய்னர் லாரி நிறுத்த இடம் கேட்டு ஒருவர் அவன் ஹார்டுவேர் கடைக்கே இரண்டு முறை வந்து போய்விட்டார். காட்டில் பாதி அவனுடையது. இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறான். அவன் கெட்டவனாக இருந்தால் எனக்கு வசதி, திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பிப்ரவரி 5, புதன்

எட்டு மணித் திருச்செந்தூர் பஸ். சாகுபுரத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, செம்மணல் மேடான தேரியில் இருபது நிமிட நடை. செருப்பெல்லாம் மணல்.

ரோட்டுப் பக்கம் புதிதாக ஒரு லோடு. உடைந்த டைல்ஸ், ஒரு வெஸ்டர்ன் கழிப்பறைக் கோப்பை முழுசாக. யாரோ வீட்டை அழகுபடுத்தியிருக்கிறார்கள். என் இடம் அவர்களுக்குக் குப்பைத்தொட்டி.

உள்ளே போனதும் கோபம் பாதி இறங்கியது. எப்போதும் அப்படித்தான். குடை மாதிரி விரிந்த உடை என்கிற முள்மரங்கள், ஒன்றன் தலை இன்னொன்றின் தோளில். அடியில் மணல் கறுத்து, சருகு மக்கி, விரலை விட்டால் ஈரம். வெளியே இதே மணல் காலைச் சுடும். வடக்கே கொல்லாமரங்கள் (முந்திரி) பூத்துவிட்டன. தெற்கு மூலையில் விடத்தேரை, மஞ்சணத்தி, சங்கஞ்செடி, பூலா, எல்லாம் பின்னிக் கிடக்கும் புதர். அதற்குள் கௌதாரி, முயல், ஒரு மரநாய் (இரண்டு முறை பார்த்தேன்). உடை மரத்தின் கன்றுகள் எல்லாம் அந்தப் புதருக்குள்தான் முளைக்கின்றன, ஆடு நுழைய முடியாது என்பதால். போன வருடம் இருபத்தாறு எண்ணினேன். அடுத்த காடு அதற்குள்தான் இருக்கிறது.

பக்கத்து இடத்துப் பொன்னுத்துரை அண்ணாச்சி, பஸ் நிறுத்தத்தில் சோடாக்கடை, எட்டு ஆடு. மானியத்துக்குப் போட்டிருக்கிறேன் என்றேன்.

"காட்டுக்கா குடுக்கான்? வாழைக்குக் குடுப்பான், முருங்கைக்குக் குடுப்பான். இந்த முள்ளுக்கு எவன் குடுப்பான்?"

"கேட்டுப் பாக்கலாம்லா அண்ணாச்சி."

"கேளுங்க. கேட்டா காசா பணமா."

ஆடுகளை உள்ளே விடாதீர்கள் என்று வழக்கம்போல் சொன்னேன். விடமாட்டேன் என்று வழக்கம்போல் சொன்னார். அந்த நேரத்தில் இரண்டு ஆடு உள்ளேதான் நின்றது.

இந்த நாலு ஏக்கரில்தான் நான் யாருக்கும் பதில் சொல்லாமல் போய் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை, ரிட்டையர் ஆகி என்ன செய்கிறாய், முழங்கால் எப்படி இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. லாரி நிறுத்துமிடம் ஆகிவிட்டால் எனக்குப் போக இடம் இல்லை.

திரும்பும்போது ஆத்தூரில் இறங்கி வெற்றிலை, வாழைக்காய். பால் பாக்கெட் மறதி.

பிப்ரவரி 6, வியாழன்

மானிய ஆபீஸ். பத்தரைக்குப் போய்ப் பன்னிரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் கேட்டது: "சார் மீட்டிங்ல இருக்காரு." சார் ஜன்னல் வழியே தெரிந்தார், பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது, மரியாதையான ஆள். சின்ன வயது. எழுந்து நாற்காலி காட்டினார். பயிர்க் கணக்கான அடங்கலைப் பார்த்தார். அதில் நாலு ஏக்கருக்கும் தரிசு என்று இருக்கிறது. நாற்பது வருடமாகத் தரிசு. நெல் என்றால் நெல், வாழை என்றால் வாழை, காடு என்றால் எழுத அவர்களிடம் கட்டம் இல்லை.

"மேடம், ஸ்கீம் பேரே மரம் நடுதல்."

"நட்டதை வளர்க்கவும் பணம் உண்டுன்னு போட்டிருக்கே?"

"உண்டு மேடம். மூணு வருசம் பராமரிப்புத் தொகை."

"முப்பது வருசமா வளர்ந்து நிக்கிறதைப் பராமரிக்க?"

"அதுக்கு இதுல இடம் இல்ல. ஏற்கெனவே இருக்கிற மரம் கணக்குல வராது."

"அப்போ வெட்டிட்டு நட்டா வருமா?"

கிண்டலாகத்தான் கேட்டேன். சாமி சத்தியமாகக் கிண்டல். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"காலி நிலமா இருந்தா எலிஜிபிள் மேடம்."

என்னை நானே அடக்கிக்கொள்ள மேஜையில் இருந்த காலண்டரில் போட்டிருந்த மரத்தைப் பார்த்தேன். மரம் வளர்ப்போம் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. எந்த மரத்தை ஐயா வளர்ப்பீர்கள்? கடைசியாக ஒன்று சொன்னேன். சார், ஒரு தடவை வந்து பாருங்க, பாத்தா உங்களுக்கே புரியும், மேலிடத்துக்கு ஒரு வரி எழுத உங்களுக்கும் தோணும். எப்படியும் கள ஆய்வு உண்டு, பதினோராம் தேதி காலை வருகிறேன் என்றார். விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கன்று மட்டுமா கேட்டிருக்கீங்க?" என்றார்.

ஆனால் வருகிறார். வந்து அந்தப் புதருக்குள் அரைமணி நேரம் நின்றால் போதும். கல்லாக இருந்தாலும் மனசு மாறும்.

பிப்ரவரி 8, சனி

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு.

மாடியிலிருந்து இறங்கிப் போய் லூர்துவிடம் சொன்னேன். கடை அடைத்துச் சாப்பிட வந்திருந்தான். "செவ்வாக்கிழமை ஆபீசர் வாரார்டா. கொஞ்சம் பாக்கிற மாதிரி வைக்கணும். உள்ள போற தடத்துல முள்ளு விழுந்து கெடக்கு."

"நான் பாத்துக்கிடுதேன்க்கா. நீ ஒண்ணுக்கும் கவலப்படாத."

அவன் மனைவி ஜெனிட்டா தட்டில் இன்னும் ஒரு மீன் துண்டு வைத்தபடி, "மைனிக்கு இப்பந்தான் முகத்துல ஒரு தெளிச்சி," என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. லூர்து இந்த விஷயத்தில் ஒரு வேலையை எடுத்துச் செய்கிறேன் என்று சொல்வது முதல் தடவை.

காட்ட வேண்டிய வரிசை: 1. கழிப்பறைக் கோப்பை (வேலி ஏன் வேண்டும்). 2. பெரிய உடை, அடியில் மண்ணைத் தொடச் சொல்ல வேண்டும். 3. சீமைக் கருவேலம் ஏறிய மேற்கு ஓரம். 4. கடைசியாகத் தெற்குப் புதர், கன்றுகள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. நடந்ததை மட்டும்.

லூர்து அதிகாலையிலேயே வேனில் போய்விட்டான், நாற்காலி இறக்கணும் என்று. நாற்காலி எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. நான் பஸ்ஸில் போனேன். நிறுத்தத்தில் இறங்கும்போதே பொன்னுத்துரை அண்ணாச்சி கடைக்கு வெளியே நின்றார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அப்போதே நினைத்திருக்க வேண்டும்.

தெற்கு மூலை இல்லை.

ஒரு ஏக்கர். ஜேசிபி விட்டு வழித்து எடுத்து, மண்ணை நிரவி, தண்ணீர் தெளித்திருந்தது. நடுவில் சாமியானா. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி பன்னிரண்டு. மேஜைக்குத் துணி விரித்து, இளநீர், பன்னீர் சோடா, தட்டில் ஒரு சால்வை. ஜீப் திரும்புவதற்குத் தனியாக ஓர் இடம், ஓரத்தில் கோலமாவில் கோடு போட்டிருந்தான். வெட்டிய புதரெல்லாம் மேற்கே ஒரு குவியலாக, ஆள் உயரத்துக்கு மேல். அதன் உச்சியில் ஒரு மஞ்சணத்திக் கிளை, பூவோடு.

லூர்து வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். "எப்பிடிக்கா இருக்கு? நேத்து ஒரே பகல்ல முடிச்சாச்சு. முள்ளுக்குள்ள அவர எங்கன ஒக்கார வைக்கது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

ஆபீசர் இறங்கினார், சுற்றிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. உண்மையிலேயே மலர்ந்தது. "பரவாயில்லையே மேடம், நான் சொன்னதைக் கேட்டு உடனே ரெடி பண்ணிட்டீங்களே!"

போனை எடுத்து, வெட்டவெளியின் நாலு மூலையிலும் நின்று படம் எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் இடமும் நேரமும் தானாக விழுகிறது. சார், அந்தப் பக்கம் வாங்க, பெரிய மரத்தைப் பாருங்க என்றேன். "அது ஸ்கீம்ல வராது மேடம், இது போதும்," என்றார். லூர்து சால்வை போர்த்தினான். அவர் வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார். இளநீர் குடித்தார். மொத்தம் இருபது நிமிடம். ஒரு மரத்தின் நிழலில்கூட அவர் கால் படவில்லை, சாமியானா நிழலே போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

பல் வலி. பாராசிட்டமால் 2.

காலையில் தனியாகப் போனேன். குவியலை ஒரு மணி நேரம் கிளறினேன். கையெல்லாம் முள். உடைக் கன்றுகள் பதினேழு கிடைத்தன, வேர் அறுந்து. மீதி ஒன்பது அடியில் எங்கோ.

அண்ணாச்சி வந்து குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகு: "நான் தடுத்தேம்மா. டிரைவர்ட்ட, ஏல நிறுத்துலேன்னேன். தம்பிதான், அக்கா சொல்லித்தான் செய்யிதோம் அண்ணாச்சின்னாரு. நீங்க சொன்னியன்னா நான் என்னத்தப் பேச?"

ஆமாம். நான் சொல்லித்தான். யாரைத் திட்டுகிறேன் நேற்றிலிருந்து? எங்கள் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? பங்குச்சாமியார் ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வருகிறார் என்றால் கொல்லையில் ஒரு செடி மிஞ்சாது. லூர்துவுக்குப் பெண்வீட்டார் பார்க்க வந்தபோது அப்பா முருங்கையை வெட்டி, தரையைச் சாணி போட்டு மெழுகி, வாடகை நாற்காலி போட்டார். வருகிறவருக்கு உட்கார இடமும் வண்டி நிறுத்த இடமும் இல்லாவிட்டால் அவமானம் நமக்கு. இந்த ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். அந்த வீட்டில் வளர்ந்தவனிடம் போய், பாக்கிற மாதிரி வை என்று சொல்லிவிட்டு, காடு காடாகவே இருக்கும் என்று எதிர்பார்த்தேன். புதரைப் பார்க்கத்தான் அவர் வருகிறார் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆபீசருக்கு என்ன? முகம் மலர்ந்ததே, அது எதற்கு?

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாம் பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. சாளை மீன் மலிவாக வந்திருக்கிறது, வாங்கவில்லை, இந்த முழங்காலோடு ஆய உட்கார முடியாது.

மாடிப்படியில் லூர்துவோடு சண்டை. நாலு நாளாகப் பேசாமல் இருந்ததெல்லாம் ஒரே மூச்சில். அவன் ஒன்றும் சும்மா இருக்கவில்லை.

"என் கைக்காசு போட்டுச் செஞ்சேன் அக்கா. வண்டி வாடகை, பந்தல், எளநி. உனக்குக் கெடைக்கணும்னுதான செஞ்சேன்? காடு வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கது நீ. எனக்கென்ன, அன்னைக்கே லாரிக்காரருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்."

"வெட்டுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா."

"பாக்கிற மாதிரி வைன்னு சொன்னது யாரு?"

கீழே லூர்துவின் சின்னவள் அவள் அக்காவிடம் கேட்பது காதில் விழுந்தது: "அத்த எதுக்குடி முள்ளுக்காக அழுதாவ?"

அழவில்லை. குரல் அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 22, சனி

பல் பிடுங்கியாச்சு. பஞ்சைக் கடித்தபடி எழுதுகிறேன். இன்று முழுக்க யாரோடும் பேச வேண்டாம், நல்லது.

நேற்று காட்டுக்குப் போனேன். வழித்த இடத்தில் பச்சையாக ஒன்று முளைக்கிறது. குனிந்து பார்த்தேன். சீமைக் கருவேலம். அது மட்டும். வரிசை வரிசையாக, ஜேசிபி போன தடத்திலேயே. எதை ஒழிக்கப் பணம் கேட்டேனோ அதற்கு ஒரு ஏக்கர் இலவசமாகக் கொடுத்திருக்கிறோம்.

சாமியானாக்காரன் ஒரு நாற்காலியை விட்டுப் போயிருக்கிறான். அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெயிலில் இருந்தேன். முன்பு அந்த இடத்தில் மத்தியானம்கூட வெயில் விழாது.

ஆபீசருக்கு மனசுக்குள் எழுதிய கடிதங்கள் இதுவரை மூன்று. முதலாவது மரியாதையாக. இரண்டாவது சுமார். மூன்றாவதை இங்கே எழுத முடியாது. சாரம் ஒன்றுதான்: காட்டை வைத்திருந்தவளுக்கு ஒரு காசு இல்லை, காட்டை அழித்தவளுக்குச் சபாஷ். இதை யார் உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார்கள்? அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா? வளர்த்த பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது, இனிமேல் பெற்றால் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்வார்களா?

பஞ்சு மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

வெக்கை தொடங்கிவிட்டது. வாடை போய்விட்டது.

பதினொரு மணிக்கு போனில் குறுஞ்செய்தி. தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஒரு ஏக்கர். குழி எடுக்க, வேலி போட, தண்ணீர் விட, மூன்று வருடப் பராமரிப்பு, எல்லாவற்றுக்கும். ஆபீசரே போன் செய்தார். தேக்கும் மலைவேம்பும் வந்து இறங்கும், மார்ச்சுக்குள் செலவு காட்ட வேண்டும், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் என்றார். ஒரு கன்று கேட்டிருந்தேனே என்றேன். "அதை நானே திருத்திட்டேன் மேடம்," என்றார் பெருமையாக.

தேரி மணலில் தேக்கு. சரி.

லூர்து மாடிக்கு ஏறி வந்தான், கையில் அல்வாப் பொட்டலம். சண்டைக்குப் பிறகு முதல் தடவை.

"பாத்தியாக்கா? சுத்தமா வச்சதுக்குத்தான் கெடச்சிருக்கு. லாரிக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஒரு நிமிடம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. லாரி இல்லை. மூன்று ஏக்கராவது பிழைத்தது என்று நினைத்தேன்.

"அடுத்த வருசம் அந்தப் பக்கம் ஒரு ஏக்கர். நான் அவர்ட்ட கேட்டுட்டேன், காலியா இருந்தா மறுபடி போடலாமாம். வருசத்துக்கு ஒரு ஏக்கர், நாலு வருசத்துல நாலு ஏக்கரும் வேலியோட பக்காவா ஆயிரும்."

அல்வாவைப் பிரித்து என் கையில் வைத்தான். அவன் முகத்தில் ஒரு பொய் இல்லை. அக்காவுக்குக் காட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தி. நான் அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், நெய் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது.

இருவரும் கையெழுத்திட்டு ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அவன் தன்னுடையதைப் போட்டுக் கொண்டு வந்திருந்தான். வாசகம்: மேற்படி நிலம் காலி நிலம் என்றும், அதில் மரங்கள் ஏதும் இருந்ததில்லை என்றும் உறுதி அளிக்கிறேன்.

இல்லை என்று போட்டிருந்தாலாவது பரவாயில்லை. இருந்ததில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து நாள் அந்தத் தாள் மேஜையில் கிடந்தது. அதன்மேல் ஒரு டம்ளர் வைத்த வட்டம்.

யோசித்தது, இரண்டு பக்கமும்: கையெழுத்துப் போட்டால் லாரி வராது. ரோட்டோரம் கொஞ்சத் தூரம் வேலி வரும். கழிப்பறைக் கோப்பை வராது. ஆனால் அடுத்த மாசியில் வடக்கே கொல்லாமரம். அதற்கடுத்து பெரிய உடை. ஒவ்வொரு தடவையும் நானே உட்கார்ந்து, இருந்ததில்லை, இருந்ததில்லை என்று எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் லூர்து லாரிக்காரரைத் திரும்பக் கூப்பிடுவான், அவனுக்கு வேறு வழி இல்லை.

பத்து மணிக்கு ஆபீஸ். ஆபீசர் வெளியே போயிருந்தார். கிளார்க் அம்மா, நாற்பது வயதிருக்கும், தாளை வாங்கிப் பார்த்து, "உங்க கையெழுத்து இல்லையே," என்றார். திருப்பி வாங்கினேன். அச்சடித்த வாசகத்தை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தேன். கீழே எழுதினேன்:

"இந்த நிலத்தில் காடு இருந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை வரை இருந்தது. தங்கள் அலுவலர் வந்து உட்காருவதற்காக அடுத்த நாள் அழிக்கப்பட்டது. அழித்தது நாங்கள்தான். மீதி மூன்று ஏக்கரில் இப்போதும் காடு இருக்கிறது, அதைக் காலி என்று ஒருபோதும் எழுதித் தரமாட்டேன்."

கையெழுத்து, தேதி.

அந்த அம்மா இரண்டு தடவை படித்தார். "மேடம், இப்பிடி எழுதுனா பணம் வராது."

"தெரியும்."

"பொறவு எதுக்கு எழுதுதிய?"

"வாங்கினதுக்கு ஒரு சீல் போட்டுத் தாங்க."

மேஜை டிராயரை இழுத்தார். சீல் போட்டுத் தந்தார். படி இறங்கும்போது நல்ல காரியம் செய்த மாதிரி இல்லை, தம்பி பிள்ளைகளின் தட்டில் கை வைத்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலைப் பூசை. ஒருசந்தி நோன்பு. சுக்குக் காப்பி மட்டும்.

லூர்துவுக்கு நேற்று மாலையே தெரிந்துவிட்டது, ஆபீசர் அவனுக்குப் போன் செய்திருக்கிறார். இன்று மத்தியானம் கடையிலிருந்து வரும் வரை காத்திருந்து கீழே போனேன். அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. ஜெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள், நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்ல வராது.

சொன்னேன். காட்டில் உன் பாதியை எனக்கு எழுதிக் கொடு. மாடி என் பேரில் இருக்கிறது, அதை நீ எழுதி வாங்கிக்கொள். மாடி விலை கூடுதல் என்று எனக்கும் தெரியும். மிச்சம் எனக்கு வேண்டாம், பிள்ளைகள் படிப்புக்கு இருக்கட்டும்.

ஜெனிட்டா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். ஃபேன் சத்தம்.

"மைனி, மாடியக் குடுத்துட்டு நீங்க எங்கன இருப்பிய?" ஜெனிட்டாதான் கேட்டாள்.

"இங்கனதான். மாடியிலதான். லூர்துக்கு மாசாமாசம் வாடகை குடுத்துருதேன்."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "எங்கிட்ட வாடகையா? அப்பா கட்டுன வீட்டுல, நீ எனக்கு வாடகையா?"

"ஆமா."

"நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க அக்கா? அக்காட்ட வாடகை வாங்குதான்னு என் மூஞ்சில துப்பமாட்டானுவளா?"

"துப்பட்டும்."

அவன் எழுந்து கை கழுவப் போனான். ரொம்ப நேரம் குழாய் ஓடியது. திரும்பி வந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"எவ்வளவு தருவ?"

எனக்கு அப்படியே கோபம் பற்றிக்கொண்டு வந்தது. படியேறி வந்து கதவைச் சாத்திய பிறகுதான் புரிந்தது, அவன் சம்மதித்துவிட்டான்.